சரோஜாவின் முட்டியில் சிராப்

ஐஸ்பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது என்று தெரியாத கணவர்களுக்குச் சங்கம் வைத்தால், ஆயுள்காலத் தலைவர் நான்தான்.

என் மனைவி சரோஜாவுக்கு ஈப்போவில் முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வலி மாத்திரை போட்டால் அவளுக்குக் குமட்டும். அதனால் மாத்திரையைக் குறைக்க மருத்துவமனையில் வழி சொல்லி அனுப்பினார்கள். காலைத் தலையணைமேல் உயர்த்த வேண்டும், ஐஸைத் துண்டில் சுற்றி வைக்க வேண்டும், மெல்ல நடக்க வேண்டும், பிடித்த பாட்டையும் கேட்கலாம். ஜொகூரில் இருக்கும் மகள் கவிதா, "அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்பா. உங்களுக்குத் தண்ணி சுட வைக்கவே தெரியாது" என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. (அவள் சொன்னதில் பொய் இல்லை, அதனால்தான்.) ஏதாவது தப்பு நடந்தால் தாராளமாகக் கூட்டிப் போ என்று சவால் விட்டேன். சரோஜா இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்குப் பயம்.

ஒருநாள் மருத்துவமனையில் கொடுத்த நீல ஐஸ் பையை டிவி பக்கத்திலேயே மறந்துவிட்டேன். கட்டிலிலிருந்து சரோஜா ஐஸ் கேட்டாள். அவசரத்தில் ஐஸ்பெட்டியில் கைவிட்டு, உறைபனி அப்பிய ஏதோ ஒரு பிளாஸ்டிக் பையை உருவி, துண்டில் சுற்றி முட்டிமேல் வைத்தேன். அவள் கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டாள். நானும் பக்கத்தில் கண்ணை மூடினேன். (துணைக்குத்தான்.)

விழித்தால் துண்டு, தலையணை, மெத்தை எல்லாம் சிவப்பு! கவிதாவுக்குப் போன் போட்டு அழுதேன். சரோஜாவைக் காரில் ஏற்றி, சிம்பாங் பூலாய் வீட்டிலிருந்து ஈப்போ மருத்துவமனை வரை தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டபடி ஓட்டினேன். "எனக்கு வலிக்கலீங்க, மெதுவா போங்க" என்றாள். ஐயோ, காலில் உணர்ச்சியே போய்விட்டதே என்று இன்னும் அழுதேன்.

அங்கே மிஸ்ஸி, அதாவது நர்ஸ், துண்டை விலக்கிப் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார்.

"அங்கிள், தையல் நல்லா இருக்கு. கட்டுக்குள்ள ஒரு சொட்டுகூட எறங்கல. ஆனா எறும்பு வருதுலா. இது சிராப்."

பேரப்பிள்ளைகளுக்காக சரோஜாவே பையில் ஊற்றி உறையவைத்த ரோஸ் சிராப், சிவப்பு சர்பத்! அறுவை சிகிச்சைக்குப் பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாளே கவிதா வந்து அம்மாவின் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். சவாலில் தோற்ற நான் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். சரோஜாதான் தடுத்தாள்.

"நான் வரலம்மா. அங்க வலிச்சா என்னைச் சிரிக்க வைக்க யாரு இருக்கா?"

இப்போது அடுத்த முட்டிக்கும் தேதி வாங்கியாகிவிட்டது. பார்த்துக்கொள்ளப் போவது நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். கல்யாண வீட்டில் சிராப் வந்தால் மட்டும், பேரன் கிளாஸைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுகிறான்.

"தாத்தா, இது குடிக்கவா, பாட்டி முட்டிக்கா?"