சிவப்புப் பூ எந்த வண்டிக்கு?

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வீட்டில் வசதியில்லை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் வெளியில் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையான காரணம் கேள்வித்தாளின் முதல் பகுதி. ‘சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக’ என்று போட்டுக் கீழே நான்கு விடைகளைக் கொடுத்திருப்பார்கள். எனக்கு நான்குமே சரியென்றுதான் படும். (மூன்றைத் தப்பு என்று சொல்ல நான் யார்?) அந்தப் பகுதியைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும்.

அப்படிப்பட்டவன் தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை வைத்து ஒருவாறு பிழைத்துக்கொண்டேன். கடையில் எது வேண்டும் என்று முடிவு செய்வது வாங்க வருகிறவர்கள் பாடு. எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் என் பாடு. இந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு தேங்காய்.

மச்சினன் முருகேசனின் கல்யாண நிச்சயத்துக்குச் சீர்த்தட்டோடு பஸ்ஸில் போனோம். கடையநல்லூர் தாண்டி டிரைவர் ஒரு பிரேக் போட்டார். என் மடியிலிருந்த தட்டு சரிந்து, தேங்காய் ஒன்று உருண்டு, போகிற வழியில் எல்லார் காலிலும் முட்டி, டிரைவர் சீட்டுக்கடியில் போய் நின்றது. விசேஷ வீட்டில் முருகேசன் அத்தனை பேர் முன்னாலும் கேட்டான்: “அத்தான், தேங்காய்க்கு டிக்கெட் எடுத்தியளா?”

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி செல்வி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: “ஆவணில தங்கச்சி புளியங்குடில புது வீடு பால் காய்ச்சுதா. சொந்தக் கார்ல போனா நான் வருதேன். இல்லைன்னா நீங்களும் தேங்காயும் போயிட்டு வாங்க.”

கூடப் பிறந்தவள் வீட்டு விசேஷத்துக்கே வரமாட்டேன் என்கிறாள் என்றால் எவ்வளவு மனம் வெந்திருக்க வேண்டும்! புதுக் காருக்கு நம்மிடம் தெம்பில்லை. பழைய டீசல் வண்டி, குடும்பத்தோடு ஏழு பேர் போகிற மாதிரி ஒன்று பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன்.

ஒன்று கிடைத்திருந்தால் தப்பித்திருப்பேன். இரண்டு கிடைத்தது. வீரகேரளம்புதூரில் ஞானராஜ் என்று ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரிடம் ஒன்று. சிவகிரியில் உரக்கடை மாரியப்பன் அண்ணாச்சியிடம் இன்னொன்று. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருஷம். இரண்டும் வெள்ளை. இரண்டும் சிங்கிள் ஓனர். கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒன்றே. விலையில்கூட இரண்டு பேரும் பேசி வைத்தது மாதிரி ஒரே இடத்தில் நின்றார்கள். இருந்த ஒரே வித்தியாசம் டாஷ்போர்டில்தான். வாத்தியார் வண்டியில் மாதா, அண்ணாச்சி வண்டியில் பிள்ளையார். விற்கும்போது அவரவர் சாமியை அவரவரே எடுத்துக்கொள்வோம் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள்.

கடைக்கு வருகிறவர்களிடம் யோசனை கேட்டேன். “டீசல் வண்டில புகையப் பாக்கணும்” என்றார் ஒருவர். “புகையில ஒண்ணுமில்ல, நீங்க போகுமுன்னயே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சிருப்பாவ, பானட்டத் தொட்டுப் பாரும்” என்றார் இன்னொருவர். “ஏத்தத்துல இழுக்குதான்னு பாருங்க அத்தான், மத்ததெல்லாம் சும்மா” என்றான் முருகேசன். நான் ஒருவர் சொல்லையும் தட்டவில்லை.

முதலில் வாத்தியார் வண்டி. பானட்டில் உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் நின்ற வண்டி. கை பழுத்துவிட்டது. என்ஜின் சூடா, சூரியச் சூடா என்று தெரியவில்லை. பிறகு சைலன்சரில் ஒரு வெள்ளைக் கர்சீப்பைப் பிடித்தேன். கறுத்தது. குற்றாலத்துக்கு விட்டு, பழைய அருவி ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்தேன். இழுத்தது. இறங்கும்போது எங்கிருந்தோ ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம்.

“அது என்ன சத்தம் சார்?”

“அது நீங்க தம்பி. பல்லக் கடிக்கிய” என்றார் வாத்தியார்.

மறுநாள் அண்ணாச்சி வண்டி. செல்வியும் வந்தாள். அதே பானட்டு, அதே ஏற்றம், இன்னொரு வெள்ளைக் கர்சீப். அதுவும் கறுத்தது. எது அதிகக் கறுப்பு என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமென்று முதல் நாள் கர்சீப்பையும் கையோடு கொண்டு போயிருந்தேன். ஒப்பிட எடுக்கும்போதுதான் தெரிந்தது, இரண்டையும் ஒரே பையில் திணித்திருக்கிறேன். ஒன்று கொஞ்சம் கறுப்பு, ஒன்று ரொம்பக் கறுப்பு. எது யாருடையது?

“ரெண்டையும் துவைச்சுப் போடுதேன், குடுங்க” என்றாள் செல்வி.

அருவிக்கரையில் எங்களை இறக்கிவிட்டு அண்ணாச்சி கிளம்பினார். நல்ல சீசன், சாரல் தூவிக்கொண்டிருந்தது. செல்வி குளித்துவிட்டு வருவதற்குள் எனக்கு மண்டை காய்ந்து போயிருந்தது. வழியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். பூக் கட்டிப் பார்த்துவிடுவோம் என்றேன். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை நந்தியாவட்டை ஒன்று. தனித்தனித் தாளில் மடித்து சாமி முன்னால் போட்டு, யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வருகிற பூ சாமியின் பதில்.

சிவப்பு வாத்தியாருக்கு, வெள்ளை அண்ணாச்சிக்கு என்று மனதில் வைத்தேன். மடிக்கும்போது, வாத்தியார் எப்போதும் வெள்ளைச் சட்டைதானே போடுகிறார், அவருக்கு வெள்ளைதானே முறை என்று தோன்றியது. மாற்றினேன். முதலில் வைத்தது சாமி காதில் விழுந்திருந்தால்? மறுபடியும் மாற்றினேன். மாற்றினேனா, மாற்ற நினைத்தேனா?

அதற்குள், ஈரத் தலையைத் துவட்டியபடி சாமி கும்பிட வந்த வெளியூர் அக்கா ஒருவரிடம் செல்வி பொட்டலத்தைக் காட்டி எடுக்கச் சொல்லிவிட்டாள். அவர் பிரித்தார்.

“சிவப்பு வந்திருக்குங்க. நல்ல சேதிதானே?”

“நல்ல சேதிதான்க்கா” என்றேன். “யாருக்குன்னுதான் தெரியல.”

அந்த அக்கா துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடையைக் கட்டினார். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று செல்வியைக் கேட்டேன்.

“சாமி என்ன உங்க கடைக்கு வார ஆளா? நீங்க கேக்கும்போதெல்லாம் யோசன சொல்ல?” என்றாள். “செவப்பு அண்ணாச்சி வண்டிக்குன்னுதான எங்கிட்ட சொன்னிய? பேசாம அத எடுங்க.”

நான் அப்படியா சொன்னேன்? எனக்கு நினைவில்லை. சொல்லவில்லை என்றும் நினைவில்லை.

விசேஷம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை வாத்தியார் போன் செய்தார். “தம்பி, வெள்ளிக்கிழம காலைல வண்டியக் கொண்டு வந்துரட்டுமா?” அந்தக் குரலைக் கேட்டதும், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி எழுந்து நின்று “சரிங்க சார்” என்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி. “வேற ஆளு வந்து கேக்காவ. உமக்குன்னுதான் வச்சிருக்கேன். வெள்ளிக்கிழம வரட்டுமா?” எனக்காக வைத்திருக்கிற மனிதரிடம் எப்படி மாட்டேன் என்பது? “வாங்க அண்ணாச்சி.”

வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது என்று மட்டும் வீட்டில் சொன்னேன், இரண்டு பேருக்கும் சரி சொன்னதைச் சொல்லவில்லை. எப்படியும் ஒருவர் வரமாட்டார் என்று நம்பினேன். யார் வராமலிருந்தால் நல்லது என்பதிலும் எனக்கு ஒரு தெளிவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேருமே வந்தார்கள். குத்துக்கல்வலசையில் எங்கள் தெரு ஒரு கார் போகிற தெரு. மேற்கே இருந்து ஒன்று, கிழக்கே இருந்து ஒன்று, மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி வந்து நின்றன. கண்ணாடிக்கு முன்னால் வண்டியை நிறுத்தியது போல இருந்தது. எதிர்வீட்டு அக்கா வாசல் தெளிக்கிற செம்போடு அப்படியே நின்றாள். “ஏ செல்வி! ஒண்ணு கேட்டா ரெண்டு எடுத்துருக்காவளே ஒங்க வீட்ல!”

செல்வி பட்டுச்சேலையும் கையில் மாலையுமாக வெளியே வந்தாள். ஒரு மாலை. வண்டி இரண்டு. திரும்பி என்னைப் பார்த்தாள்.

“தண்ணி குடிச்சிட்டு வாரேன்” என்று உள்ளே போன நான், பின்பக்கம் பாத்ரூமுக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டேன். வாசலில் பேச்சு ஏறுவது கேட்டது. “எங்கிட்டதான் வரச் சொன்னாரு.” “எங்கிட்டயும்தான்வே சொன்னாரு.” நடுவில் முருகேசனின் குரல், எங்களோடு விசேஷத்துக்கு வரக் கிளம்பி வந்திருந்தான். “சண்ட போடாதிய. அத்தான் வரட்டும்.” அத்தான் வருகிற உத்தேசத்தில் இல்லை.

கதவு தட்டப்பட்டது. செல்வி.

“உள்ள ரெண்டு குழாய் இருக்கு. எதத் தெறக்கன்னு யோசிச்சுக்கிட்டு நிக்கியளா?”

நான் இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“நல்ல நேரம் முடியப் போவுது. பால் பொங்குறதுக்குள்ள நான் அங்க நிக்கணும். பஸ்ஸுல போயி எறங்க மாட்டேன்.” அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. அதுதான் என்னைத் தாழ் திறக்க வைத்தது.

நான் வெளியே வருவதற்குள் அவள் வாசலுக்குப் போய்விட்டாள். இரண்டு வண்டியின் கதவையும் திறந்து சீட்டில் கையை வைத்துப் பார்த்தாள். அண்ணாச்சி வண்டி வேப்பமர நிழலில் நின்றது. ஏறி உட்கார்ந்தாள்.

“இதுல சீட்டு சுடல. இதுதான்.”

இத்தனை நாள் பானட்டு, புகை, ஏற்றம், பிள்ளையார் என்று அலைந்தேனே, ஒரு மரம் முடிவு செய்துவிட்டது.

வாத்தியார் முகம் வாடிப்போனது. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் இருக்கிறார்களாம். தானும் ஓட்ட முடியாமல், சும்மா நிறுத்திவைக்கவும் மனமில்லாமல்தான் விற்கிறாராம். நான் தரையைப் பார்த்தபடி என்னவோ உளறினேன். அப்போது முருகேசன் அந்த வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

“சார், எங்க அத்தான் ஒரு கிலோ பருப்பு வாங்குனாலே கல்லு இருக்கும்னு சந்தேகப்படுத ஆளு. அவரே இத்தன நாளா நோண்டி நோண்டிப் பாத்தும் ஒரு கொறையும் கண்டுபிடிக்க முடியலன்னா, இதவிட நல்ல வண்டி எங்க கெடைக்கும்? நானே எடுத்துக்கிடுதேன்.”

என் பயத்தை ஒருவர் மதித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

புளியங்குடிக்கு இரண்டு காராகப் போனோம். ஒரே மாலையைக் கத்தரித்து இரண்டு வண்டிக்கும் போட்டிருந்தாள் செல்வி. பால் பொங்குவதற்கு முன்னால் போய் இறங்கி, தங்கச்சி வீட்டு வாசலில் அவள் சேலையை நீவிவிட்டு நின்ற நிற்பு இருக்கிறதே, அதற்கு இன்னும் இரண்டு கார்கூட வாங்கலாம். (யார் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.)

அதன் பிறகும் எனக்கு விடிவில்லை. என் வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால் முருகேசனுக்குப் போன் போடுவேன். “மாப்ள, உன் வண்டில இப்படி வருதா?” அவன் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வான்: “வருது அத்தான். உங்களுக்கு வந்தா எனக்கும் வரும்.” போன வருஷம் ஒருநாள், சாமி சொன்ன வண்டிதானே, ஒன்றும் ஆகாது என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது செல்வி சிரித்துவிட்டாள்.

“செவப்பு எந்த வண்டின்னு நீங்க எங்கிட்ட சொல்லவேயில்ல. ஏதாவது ஒண்ணச் சொன்னா முடிவு பண்ணுவியளேன்னு நானாத்தான் சொன்னேன்.”

அன்றிலிருந்து ஒரு சந்தேகம். அப்படியென்றால் சாமி சொன்னது முருகேசன் வண்டியைத்தானோ?

எங்கள் வீட்டில் இப்போது எதற்கும் அதுதான் பேச்சு. ஓட்டலில் தோசையா பரோட்டாவா என்று சர்வர் கேட்டால் என் மகள், “அப்பாட்ட கேக்காதிய அண்ணே, அரளிப்பூ வேணும்” என்பாள். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து வாசலில் காரைத் திறக்கப் பார்த்தேன். சாவி நுழையவே மாட்டேன் என்றது. திருப்பிப் போட்டேன், ஊதிப் போட்டேன், பூட்டு கெட்டுப்போய்விட்டது என்று வேர்த்துக் கொட்டியது. கண்ணாடி மெதுவாக இறங்கியது. உள்ளே முருகேசன், வெற்றிலை போட்ட வாயோடு.

“என்ன அத்தான், பூக் கட்டிப் பாப்பமா?”