கழுத்துவரை நிறைந்த கேன்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணனின் ஆசிகள். இங்கே நானும் உன் அண்ணியும் நலம். நீ நலமாக வேண்டும் என்றுதான் இத்தனை பாடும்.

என் சிறுநீரகம் ஒன்றை உனக்குத் தருவதென்று முடிவானதும் டாக்டர் முதலில் கேட்டது என் சிறுநீரைத்தான். அதில் புரதம் அதிகமாக ஒழுகினால் சிறுநீரகத்தில் கோளாறு, கொடுக்க முடியாதாம். ஒரு முழு நாள் போவதையெல்லாம் பிடித்து வரச் சொல்லி, பரிசோதனைக்கூடத்துப் பெண் பெரிய கேன் ஒன்றைக் கொடுத்து, "ஒரு தடவை விட்டுட்டாலும் கணக்கு தப்பாயிடும் சார்" என்றாள். யாரிடம் சொல்கிறாள்? குடிநீர் வாரியத்தில் காலமெல்லாம் மீட்டர் பார்த்தவனிடம்! கேனும் கையுமாகவே வங்கிக்குப் போனேன். வாசலில் காவலாளி மறித்து, "கேன்ல என்ன சார், பெட்ரோலா?" என்றார். "என் தம்பியோட உசிரு" என்றேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தவர் உடனே விலகினார். வரிசையில் நின்றவர்களும் விலகினார்கள். வங்கியில் என் வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்ததே இல்லை. வீட்டுக்கு வந்து கேனை ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் வைத்தேன். உன் அண்ணி முகத்தைச் சுளித்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் கேன் கழுத்துவரை நிறைந்திருக்கிறது! எனக்கே மலைப்பாகிவிட்டது. கொண்டுபோய்ப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த வயதிலும் இப்படி உழைக்கிற சிறுநீரகம் நம் குடும்பத்தில் இருக்க, உன்னுடையது மட்டும் எப்படிச் சோடை போனதோ! போகட்டும், நான் எதற்கு இருக்கிறேன்? கவலையை விடு. இடதா வலதா, நீயே தேர்ந்தெடு.

இப்படிக்கு,
எதையும் தரத் தயாரான உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் அந்தப் பரிசோதனைக்கூடத்துப் பெண் போன் செய்தாள். "சார், இதுல இருக்கற கழிவு ரெண்டு ஆளுக்கு வர்ற அளவு இருக்கு. வேற யாரோடதாவது கலந்துடுச்சா?" திரும்பிப் பார்த்தேன். உன் அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு, "பாதி கேன் காலியாவே இருந்துச்சுங்க. குறைச்சலாக் கொண்டுபோனா உங்க கிட்னி வேணாம்னுடுவாங்களோன்னு பயமாயிடுச்சு" என்றாள். நாளை மறுபடியும் ஆரம்பம். இந்தத் தடவை தனக்கும் ஒரு கேன் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். "உங்களோடது தேறலைன்னா தம்பிக்கு என்னோடதைக் குடுத்துடலாம்" என்கிறாள். ஆகவே தம்பி, மேலே நான் அடித்துக்கொண்ட பெருமையில் பாதியை உன் அண்ணி பேரில் வைத்துப் படித்துக்கொள்.