நான் வீடு பார்த்த லட்சணம்

சட்டைப் பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு எந்த நல்ல காரியத்துக்கும் போகக் கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

அப்போது நான் முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஈசிஆர் கடற்கரைச் சாலை ஓரத்து வீடுகளில் வயரிங் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் வேலையில் இருந்தேன். இந்த வேலையில் சேர்ந்தவன் பிறகு எந்த வீட்டிலும் நிம்மதியாக உட்கார முடியாது. எல்லோரும் தொட்டிலில் இருக்கும் குழந்தையைப் பார்ப்பார்கள். நான் தொட்டிலுக்குப் பக்கத்தில், பிளக் இல்லாத வெறும் வயரை சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கி வைத்திருப்பதைப் பார்ப்பேன். மூணு பின் பிளக்கில் மேல் பின்னை உடைத்துப் போட்டிருப்பார்கள் (சாக்கெட்டில் ரெண்டு ஓட்டைதான் இருந்ததாம்). ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று கொடிக்கம்பி கனத்துக்கு ஒன்றை எடுத்துக் கட்டியிருப்பார்கள். இனி ஃப்யூஸ் போகாது, வீடுதான் போகும். இதையெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு பார்ப்பதில்லை. அதனால் சொந்தக்காரர்கள் என்னைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் தங்கை செல்வி மறைமலைநகரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள். செங்கல்பட்டில் அதே கம்பெனி பஸ்ஸில் ஏறிய முரளியை அவளுக்குப் பிடித்துவிட்டது. எங்கள் அப்பாவைச் சம்மதிக்க வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முரளி வீட்டிலோ அவன் தாய்மாமன் ஏழுமலை வைத்ததுதான் சட்டம். அவரும் அரைமனதாகத் தலையை ஆட்டியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வீடு பார்க்க வரச் சொன்னார்கள்.

பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்கப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். போய் உட்கார வேண்டும். காபி குடிக்க வேண்டும். சம்பந்தம் பிடித்திருந்தால் கை நனைக்க வேண்டும், அதாவது அங்கேயே சாப்பிட வேண்டும். வீடு பார்ப்பது என்றால் அவ்வளவுதான். வீட்டை யாரும் பார்ப்பதில்லை. இந்த நுணுக்கம் எனக்குப் பிடிபடவில்லை.

கிளம்பும்போது செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, போனமா வந்தமானு இரு. எதையும் தொடாத" என்றாள். நான் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தேன்.

முரளியின் வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கு வெகு பக்கத்தில். ஏழுமலை வாசலில் நின்று வரவேற்று, "வூடு பாக்க வந்துகிறீங்க. நல்லா சுத்திப் பாருங்க" என்றார். மரியாதைக்குச் சொன்னது. நான் அதை வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

எல்லோரும் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருக்க, நான் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். பின்பக்கச் சுவரில், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பி இறங்கியது. அதில் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. கம்பியின் கீழ் முனையை உப்புக்காற்று தின்றுவிட்டதால் அது மண்ணுக்கு ஒரு முழம் மேலேயே நின்றுவிட்டது. உள்ளே வந்து கூடத்து மூலையில் இருந்த ஃப்ரிட்ஜின் மீது டெஸ்டரை வைத்தேன். அதன் விளக்கு பளிச்சென்று எரிந்தது, ஃப்ரிட்ஜின் உடம்பெல்லாம் கரண்ட். மேலே சுவிட்ச் போர்டிலிருந்து கருகிய வாடையும் மெல்லிய சடசடப்பும் வந்தன. என் நெஞ்சு பெருமையில் விம்மியது.

அலுவலகத்தில் பேசும் அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி போர்டைச் சுட்டிக்காட்டிச் சொன்னேன்: "இங்க ஒரு லூஸ் இருக்கு. ரொம்ப நாளா இருக்கும் போல. யாரும் கண்டுக்காம விட்டிருக்கீங்க. இப்படியே வெச்சிருந்தா ஒரு நாளைக்கு இந்த வீட்டுல உயிர்ப்பலி ஆயிடும்."

என் விரலுக்கும் போர்டுக்கும் நடுவே நாற்காலி போட்டு ஏழுமலை உட்கார்ந்திருந்தார்.

கூடத்தில் காபி உறிஞ்சும் சத்தம் நின்றது. ஏழுமலை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "யார சொல்றாரு?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா பாய்ந்து வந்து, "ஒயர சொல்றான்ங்க, ஒயரிங்க" என்று சமாளித்தார்.

"இந்த வூட்டுக்கு ஒயரிங் பண்ணதே நான்தான்" என்றார் ஏழுமலை.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நிரூபித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது (படித்த படிப்பு அப்படி). மெயினை அணைத்துப் போர்டைக் கழற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லி மெயின் சுவிட்சை இழுத்தேன். கரண்ட் நின்றது, மறுபடி போட முடியாதபடி கைப்பிடியும் கையோடு வந்துவிட்டது. மே மாதம். ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றதை அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தோம். உள்ளே இலை போட்டு வடை, பாயசம் வைத்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. முரளி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நடந்ததை ஒன்று விடாமல் செல்வியிடம் சொன்னார். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விசும்பும் சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று பயந்து, சாப்பிடாமல் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அப்பாவுக்கு போன் வந்தது. முரளியின் அம்மா. என்னிடம்தான் பேச வேண்டும் என்றாராம். எழுந்து நின்று வாங்கினேன்.

"தம்பி, பிரிட்ஜ தொட்டா எனக்கு கை ஜிவ்வுனு இழுக்கும். நரம்புத் தளர்ச்சினு மாத்திர போட்டுகினு கீறேன். இன்னிக்கு நீ போனப்புறம் கரண்ட் இல்ல. ஈரக் கையோட தொட்டேன், ஒண்ணியும் ஆவல. இன்னொரு வாட்டி தொட்டேன், அப்பவும் ஒண்ணியும் ஆவல. அப்ப வியாதி எனக்கா, பிரிட்ஜுக்கா?"

"ஃப்ரிட்ஜுக்குத்தாம்மா" என்றேன்.

பிறகு, போனைக் கையில் வைத்தபடியே அவர் தம்பியிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏழுமல, அந்தப் புள்ள சொன்னது சரிதான்டா. லூஸு நீதான்."

கல்யாணம் நடந்தது. அதற்கு முன் அந்த வீட்டுக்குப் புது வயரிங் போட்டோம். ஏழுமலை ஏணியில் நிற்க, நான் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன். செல்வியின் மாமியார் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

போன மாதம் செல்வியின் மகளைப் பள்ளிக்கூடத்தில் வீட்டில் இருப்பவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். எங்கள் குடும்பத்தில் ரெண்டு லூஸ் இருக்கிறார்கள், அப்பா பக்கம் பெரிய லூஸ் தாத்தா, அம்மா பக்கம் சின்ன லூஸ் மாமா என்று சொல்லியிருக்கிறாள். மிஸ் கவலைப்பட்டுச் செல்வியை வரச் சொல்லி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று பக்குவமாக விசாரித்திருக்கிறார்.

"பிரச்சினை ஒண்ணும் இல்ல மிஸ்" என்றாளாம் என் தங்கை. "ரெண்டு பேருக்கும் இப்ப எர்த் குடுத்தாச்சு."