மகளின் வகுப்பில் நான் நோயாளியான விவரம்

குன்னூர்,
ஐப்பசி, விடாத மழை.

அன்பு மாப்பிள்ளை ராஜசேகருக்கு மச்சான் மாரிச்சாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா சாந்தாமணியும் அடுப்பைவிட்டு நகராமல் சுகமாக இருக்கிறோம். மசினகுடியில் நீங்களும் உங்கள் ஜீப்பும் யானை கண்ணில் படாமல் சுகமாக இருக்க வேண்டுகிறோம்.

தேயிலை விலை விழுந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. அங்கே தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீ மேக்கரான நான் மீதி நாளெல்லாம் உங்கள் அக்காவுக்கு வெங்காயம் உரிக்கிறேன். வீட்டில் உலை கொதிப்பது உங்கள் மருமகள் மாலதியின் சம்பளத்தில்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். நர்சிங் காலேஜில் பாடம் சொல்லும் பெண் இந்த எஸ்டேட்டில் வேறு எந்த வீட்டில் இருக்கிறாள்? ஆனால் அவள் வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. வருட முடிவில்தான் சொல்வோம் என்றிருந்தார்கள்.

இப்படி இருக்கும்போது, ஒருநாள் சாப்பிடும் நேரத்தில், "அப்பா, இந்த வாரம் புள்ளைங்க எல்லாம் என் பாடத்தைப் பத்தி எழுதித் தரப்போறாங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டேன். எஸ்டேட்டில் ஆட்கள் ஒரு மேஸ்திரியைப் பற்றி எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும்? மேனேஜர் விசாரணை வைப்பார், மேஸ்திரி படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வேறு டிவிஷனுக்குப் போவார். அதனால் விவரம் தெரிந்த மேஸ்திரி, ஆட்கள் எழுதுவதற்கு முன்பே ஒவ்வொருவராகப் பார்த்துச் சரிக்கட்டிவிடுவார். மகளுக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன தகப்பன்? மறுநாள் பேக்கரியில் ஒரு பை நிறைய மொறுமொறு வர்க்கி வாங்கிக்கொண்டு காலேஜ் கேட்டில் போய் நின்றேன். வந்த பிள்ளைகள் கையிலெல்லாம் வர்க்கியைத் திணித்து, "ஏனுங்க அம்மிணி, மாலதி டீச்சரைப் பத்தி நல்லபடியா எழுதிப்போடுங்க. பாவம், அது வாயில்லாப் புள்ளைங்க" என்று கும்பிட்டேன். பிள்ளைகள் தங்கமானவர்கள். ஒருவர் விடாமல் "மிக நன்று, குறை எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் "வர்க்கியும் மிக நன்று" என்று சேர்த்து எழுதியதில்தான் விஷயம் பிரின்சிபால் ஜெஸிந்தா அம்மா வரைக்கும் போய்விட்டது.

மாலதி வீட்டுக்கு வந்து சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் அழுதாள். "நான் எங்க தப்பா நடத்தறேன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டனுங்கப்பா. நல்ல பேரை வெச்சு நான் என்ன பண்றது? நாளைக்கு இவங்க ஊசி போடப்போறது நெசமான மனுசங்க கையிலங்கப்பா" என்றாள்.

பிரின்சிபால் எல்லோரையும் மறுபடி எழுதச் சொன்னார். அன்று உங்கள் அக்கா என் செருப்பை ஒளித்துவைத்துவிட்டாள். இந்த முறை பிள்ளைகள் உள்ளதை எழுதினார்கள். டீச்சர் வேகமாகப் போகிறார், ஊசி போட்டுக் காட்டுவது முன்வரிசைக்கு மட்டும்தான் தெரிகிறது, நோயாளிக்குப் பதில் பொம்மையிடம் பேசிப் பழகச் சொல்கிறார், பொம்மை பதிலே சொல்வதில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயாளி "ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்கிறார், அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. மாலதி படிக்கப் படிக்க, வேலை போய்விட்டது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். அவளோ சிரித்துக்கொண்டே, "அப்பா, ஃபேக்டரி இல்லாத நாள்ல எங்க கிளாசுக்கு நோயாளியா வர்றீங்களா?" என்று கேட்டாள்.

கல்யாணத்தில் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கட்டிலில் படுக்கவைத்தார்கள். வகுப்பைச் சிறுசிறு குழுவாகப் பிரித்து, எல்லோருக்கும் தெரியும்படி, நிறுத்தி நிதானமாக என் மகள் நடத்திய அழகை நீங்கள் பார்க்க வேண்டும். சுமலதா என்று ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, "என்னங்க பண்ணுது?" என்றாள். "ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்றேன். முதல்நாள் விழித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண், நாலைந்து வகுப்புக்குப் பிறகு ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பாட்டியிடம் பக்குவமாகக் கேட்டுக் கேட்டு, அவர் மறைத்துவைத்திருந்த நெஞ்சு வலியை வெளியே கொண்டுவந்துவிட்டாள். டாக்டர் நேரத்துக்குப் பார்த்து, பாட்டி பிழைத்தார். இனி எல்லா வகுப்பும் இப்படித்தான் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். மாலதியின் வேலையும் வருட முடிவுக்குக் காத்திராமலே நிரந்தரமாகிவிட்டது.

மாப்பிள்ளை, குறை சொன்ன பிள்ளைகளுக்கு என் மகள் வகுப்பில் நின்று நன்றி சொன்னாள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. நம் குறையைச் சொல்கிறவரே நமக்கு வேண்டியவர் என்று நானும் தெளிந்துவிட்டேன். இதை உங்கள் ஜீப் ஸ்டாண்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மச்சான் மாரிச்சாமி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மாலதி வந்தாள். நோயாளி எப்படி என்றும் பிள்ளைகளிடம் கேட்டார்களாம். "வயித்துவலியைக் கேட்டா டீ ஃபேக்டரி ரோலர் மெஷின் கதையைச் சொல்றாரு, எங்களைப் பேசவே விடறதில்லை, ஆளை மாத்துங்க" என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து உங்கள் அக்காதான் நோயாளி. ஒத்திகையும் நடந்தது. "பிரஷர் எப்ப இருந்துங்க?" என்று மாலதி கேட்டதற்கு, "இந்த மனுசனைக் கட்டுன நாள்ல இருந்து" என்று உங்கள் அக்கா பட்டென்று சொல்கிறாள். மாலதி அதற்குக் கை தட்டுகிறாள். படிக்கிற பிள்ளைகள் பேச்சைக் கேட்டு நடத்தும் காலேஜ் உருப்படுமா? மேலே எழுதியதை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம்.