பைக்கில் போன மின்னஞ்சல்

உலகத்தில் மின்னஞ்சலை மோட்டார் பைக்கில் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் போஸ்ட்மாஸ்டர். நட்ட நடு வெயிலில் ஓடைப்பட்டியிலிருந்து உத்தமபாளையம் போய், ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் நின்று, "ஒங்களுக்கு லெட்டர் வந்திருக்கு, போனக் குடுங்க" என்று கை நீட்டினார். வாங்கி, ஸ்பாம் என்கிற குப்பைத்தொட்டியில் கிடந்த எங்கள் கடிதத்தை விரலால் தூக்கி இன்பாக்ஸில் வைத்துவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பி வந்தார். இதை நான் பெருமையாகச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். வயிறு எரிந்து சொல்கிறேன். பைக் என்னுடையது. பெட்ரோலும் என்னுடையது.

நான் ஓடைப்பட்டியில் ஒரு திராட்சை பேக்கிங் கூடத்தின் மேனேஜர். விதையில்லாத் திராட்சையை அட்டைப்பெட்டியில் அடுக்கி, லாரியேற்றி, மலையிறக்கி, கொச்சியில் விமானம் ஏற்றி வளைகுடாவுக்கு அனுப்புகிற வேலை. பழத்தைப் பார்த்துக்கொள்ளப் பல பேர் உண்டு. பதறுவதற்கு என்று தனியாக நியமிக்கப்பட்டவன் நான் ஒருவன்தான்.

எல்லாம் எங்கள் முதலாளிக்கு ஒருநாள் ரோஷம் வந்ததில் ஆரம்பித்தது. வெளிநாட்டு வியாபாரி ஒருவர், "இலவச மெயிலில் கொட்டேஷன் அனுப்புகிறீர்களே, நிஜமாகவே உங்களுக்குக் கம்பெனி இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டார். கம்பத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஒருவரை முதலாளி அன்று மதியமே வரவழைத்தார். வந்தவர் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

"அடுத்தவன் பெட்டியில நம்ம லெட்டர் எதுக்கு மொதலாளி கெடக்கணும்? நம்ம ஆபீஸ்லயே ஒரு மெயில் சர்வர் போடுவோம். நம்ம பேரு, நம்ம தபாலாபீஸ்" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "கேட்டியா மேனேஜரு? இத்தன வருசமா நீ என்ன செஞ்ச?"

திராட்சை அனுப்பினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இருவரும் கை குலுக்கிவிட்டார்கள்.

மெயில் சர்வர் போட்டால் அதில் 'போஸ்ட்மாஸ்டர்' என்று ஒரு முகவரி கட்டாயம் இருக்க வேண்டுமாம். மற்றவர்கள் அதைப் பெயருக்கு ஒன்று உண்டாக்கிவிட்டு மறந்துவிடுவார்கள். இவர் அதைப் பதவியாக எடுத்துக்கொண்டார். மறுவாரம் விசிட்டிங் கார்டு அச்சடித்துவிட்டார். அம்மா அப்பா வைத்த பெயர் அன்றோடு போயிற்று.

சர்வர் போடுகிற நாளன்று முதலாளி தேங்காய், பழம், சூடத்தோடு வந்தார். புதிதாக எந்த மெஷின் வந்தாலும் பொட்டு வைக்காமல் எங்கள் கூடத்தில் ஓடாது. எடை மெஷினுக்கு உண்டு, மருந்தடிக்கும் பம்புக்கு உண்டு, ஸ்டேப்ளருக்குக் கூட உண்டு.

"மெசினு எங்கன இருக்கு?"

"கம்ப்யூட்டருக்குள்ள மொதலாளி" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"வெளிய எடுத்து வையி, பொட்டு வைக்கணும்ல."

"வெளிய எடுக்க முடியாது. இது கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர். வெர்ச்சுவல் மெஷின்னு சொல்லுவாக. ஒடம்பு கெடையாது, உசுரு மட்டும்தான்."

முதலாளி நிதானமாக யோசித்தார். "அப்ப இது மாசமா இருக்குங்குற."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"ஏலே, சூடத்த அணைங்கடா. புகை ஆகாது."

சூடத்தை அணைத்தார்கள். ஆனால் பொட்டு? மானிட்டர் கண்ணாடியில், வெர்ச்சுவல் மெஷினின் ஜன்னல் தெரிந்த இடத்துக்கு நேரே, சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தார் முதலாளி. ஒரு ரூபாய்க் காசு அகலம். அடுத்த ஆயுத பூஜை வரை அதை யார் துடைப்பது? துடைத்த மறுநாள் கூடத்தில் யாருக்காவது தும்மல் வந்தால்கூட என் தலையில்தான் விடியும். அன்றிலிருந்து அந்தத் திரையில் எதை வாசித்தாலும் நடுவில் இரண்டு வார்த்தைகளை நாங்களாக ஊகித்துக்கொண்டோம்.

மென்பொருளை ஏற்ற மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு படிக்கும் முன்னால் போஸ்ட்மாஸ்டர் ஒரு 'ஸ்நாப்ஷாட்' எடுப்பார். அந்த மெஷின் அந்த நொடியில் இருக்கிற நிலையை அப்படியே படம்பிடித்து வைப்பது. பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் பழைய ஸ்நாப்ஷாட்டைத் தொட்டால் போதும், மெஷின் அந்த நொடிக்கே திரும்பிவிடும். நடுவில் நடந்தது எதுவும் நடக்கவே இல்லை என்றாகிவிடும். என் தலைமுடி விஷயத்தில் இப்படி ஒரு வசதி இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு வைப்பார். 'பூஜைக்குப் பின்.' 'வடை வருவதற்கு முன்.' 'பாஸ்வேர்டை மறந்தபின்.' முதல் நாளே மூன்று முறை எதையோ கெடுத்து, மூன்று முறையும் 'வடை வருவதற்கு முன்' நிலைக்குத் திரும்பினார். மெஷின்தான் திரும்பியது. வடை திரும்பவில்லை. தட்டு காலி.

மூன்றாம் நாள் முதல் கடிதம் போனது. என் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் என்னைக் கேட்காமலே அனுப்பியிருந்தார்: 'இது சோதனைக் கடிதம். கிடைத்தால் பதில் எழுதவும். கிடைக்காவிட்டாலும் எழுதவும்.' அனுப்பிய கையோடு மேஜையில் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து. டொக்! தபால் முத்திரையாம். டீ கிளாஸ் துள்ளி என் சட்டையில் விழுந்தது. அதன்பின் எந்தக் கடிதம் போனாலும் டொக். வெள்ளைச் சட்டை போடுவதை நான் விட்டுவிட்டேன்.

பதில் எழுதியவர் ஒருவருமில்லை. அத்தனையும் ஸ்பாமில் போய் விழுந்திருந்தன. புதிய சர்வரிலிருந்து வரும் கடிதத்தை வெளியூர்ப் பெரிய சர்வர்கள் லேசில் நம்பாதாம்.

"என்னண்ணே அநியாயமா இருக்கு! முறையா பேரு வாங்கி, முறையா முகவரி வாங்கி, கையெழுத்தும் போட்டு அனுப்புறோம். ஓடைப்பட்டிக்காரன் லெட்டர் போட்டா குப்பைக்கூடையா? திருட்டுப்பயலா நாம?" என்று போஸ்ட்மாஸ்டர் கொதித்தார். என் பைக் சாவியை எடுத்தார். உத்தமபாளையம் போனார். மறுநாள் சின்னமனூர். அதற்கு மறுநாள் கம்பத்தில் மூன்று வீடு. ஒவ்வொருவர் போனிலும் எங்கள் கடிதத்தைக் குப்பையிலிருந்து மீட்டார். அப்படி மீட்க மீட்கத்தான் பெரிய சர்வர்களுக்கு நம்பிக்கை வருமாம். வந்ததோ என்னவோ, ஒரு மாதத்தில் கடிதங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர ஆரம்பித்தன. என் பைக்குக்கு மட்டும் டயர் மாற்ற வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு சண்டை. ஆபீஸில் ஒரு ஓட்டை சிபியு கிடந்தது. பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கலாம் என்று வாசலில் வைத்தேன். போஸ்ட்மாஸ்டர் அதைத் தூக்கிவந்து மூலையில் படுக்கப்போட்டு, ஏதோ ஒயரைச் சொருகி, அதன் தலையில் தண்ணீர் கேனை ஏற்றி வைத்தார்.

"இது எதுக்குய்யா இங்கன?"

"இருக்கட்டும்ண்ணே. கேன் வைக்க ஒசரம் வேணும்ல."

"கேன் வைக்க ஸ்டூல் இருக்கு!"

"ஸ்டூலுக்கு என்ன தெரியும்?" என்றார். ஒரு மனிதனோடு இதற்கு மேல் எப்படிப் பேசுவது?

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையிலிருந்து தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. கூடை கூடையாகப் பழம் வந்து இறங்கியது. மூன்று மணிக்குக் கொச்சி லாரி. வளைகுடா வியாபாரியிடமிருந்து ஒரு கடிதம் வர வேண்டும். பெட்டிமேல் ஒட்டும் லேபிளில் என்னென்ன அச்சடிக்க வேண்டும், எந்த விமானம் என்று அதில்தான் இருக்கும். லேபிளில் ஒரு எழுத்து பிசகினாலும் அங்கே சரக்கைத் திருப்பிவிடுவார்கள். வெட்டிய திராட்சையைத் திரும்பக் கொடியில் ஒட்ட முடியாது.

பத்து மணிக்குக் கடிதம் வந்துவிட்டது. 'விமானம் ஏறுகிறேன், மாலை வரை போன் இருக்காது' என்ற முதல் வரியை மட்டும் வாசித்தேன். மீதியை டீ குடித்துவிட்டு வந்து பிரிண்ட் எடுக்கலாம் என்று எழுந்தேன். அந்த டீயை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

கரண்ட் போனது. யுபிஎஸ் கூவிக் கூவி ஓய்ந்தது. கரண்ட் வந்ததும் போஸ்ட்மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுப்பினேன். வெர்ச்சுவல் மெஷினின் ஜன்னலில் மட்டும் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்துகள், மேலே மேலே ஓடின. நடுவில் குங்குமப் பொட்டு. திடீரென்று மின்சாரம் போனால் அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளுமாம். பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானே சரியாகியிருக்கும். சும்மா இருப்பதற்கா எனக்குச் சம்பளம்?

போஸ்ட்மாஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் குமுளிக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கப் போயிருந்தார். சிக்னல் இல்லை. சரி, மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வித்தைதானே என்று நானே ஸ்நாப்ஷாட் பட்டியலைத் திறந்தேன். போஸ்ட்மாஸ்டர் கடைசியாக வந்தபோது எடுத்து வைத்திருந்ததைத் தொட்டேன். ஏதோ ஒரு கேள்வி வந்தது. இப்போதைய நிலையையும் ஒரு பிரதி எடுத்து வைக்கவா என்று கேட்டு, டிக் அடிக்க ஒரு சின்னக் கட்டமும் அதில் இருந்ததாம். அந்தக் கட்டம் முழுசாகக் குங்குமத்துக்குப் பின்னால் இருந்தது. எனக்குத் தெரிந்தது 'சரி' என்ற பொத்தான் ஒன்றுதான். அழுத்தினேன்.

மெஷின் ஜம்மென்று எழுந்தது. ஆகா என்று தொடையைத் தட்டிக்கொண்டு மெயிலைத் திறந்தேன். பன்னிரண்டு நாளைக்கு முந்தைய கடிதம் மேலே நின்றது. அதற்குப் பின் வந்த ஒன்றுமே இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் நடக்கவே இல்லை.

நாற்காலியில் உட்காரப் போனேன். நாற்காலி அங்கே இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே மறுபடி போன், மறுபடி போன். வெளியே முதலாளியின் குரல்: "மேனேஜரு, லேபிள் ஆச்சா? பழம் வேர்க்குதுய்யா!" வேர்த்தது பழத்துக்கு மட்டுமா?

ஒன்றரை மணிக்கு லைன் கிடைத்தது. நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"அண்ணே, தண்ணி கேன் எங்கன இருக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் போனே உருகியிருக்க வேண்டும். "ஏய்யா, இங்கன குடி முழுகிக் கெடக்கு! தண்ணி கேனக் கேக்குறியே, நீயெல்லாம் மனுசனா? ஒன்னயக் கொண்டாந்தாக பாரு, அவுகளச் சொல்லணும்!"

"திட்டுங்க, திட்டிக்கிட்டே கேனத் தூக்கிக் கீழ வைங்க. அதுக்கு அடியில சிபியு இருக்குல்ல, மானிட்டர் ஒயர அதுல சொருகுங்க."

கேனைத் தூக்கினேன். பாதித் தண்ணீர் என் மேல் கொட்டியது. ஒயரைச் சொருகினேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். திரையில் கடிதங்கள் வரிசையாக வந்தன. அந்தப் பன்னிரண்டு நாளும் அங்கே இருந்தன. சர்வருக்கு வருகிற, போகிற ஒவ்வொரு கடிதத்தின் நகலும் அந்த ஓட்டைப் பெட்டியில் போய்ச் சேரும்படி அவர் முதல் வாரமே செய்து வைத்திருந்தார். காலை பத்து மணிக் கடிதம் கடைசியில் இருந்தது.

லேபிள் அடித்தோம். லாரி நாலு மணிக்குப் போனது. பழம் திரும்பி வரவில்லை.

சாயங்காலம் ஜீப்பில் இறங்கி வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "ஏய்யா, இப்படி ஒண்ணு இருக்குன்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொல்லியிருந்தா அதையும் தொட்டிருப்பீக" என்றார்.

அதற்குள் முதலாளி வந்து, "என்னய்யா கோளாறு, யாரு செஞ்சது?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். போஸ்ட்மாஸ்டர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கரண்டு மொதலாளி. வேற யாரு?" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று சாயங்கால வடையை முழுசாக அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். நன்றி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக, "ஆறிப்போச்சு, எனக்கு வேணாம்" என்றேன்.

போன வருஷம் அவர் கட்டப்பனைப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸில் நிரந்தர வேலைக்குப் போய்விட்டார். எங்கள் மெயிலையும் முதலாளி ஒரு பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார். வெர்ச்சுவல் மெஷினை அழித்துவிடலாம் என்று என்னிடம் சொன்னார்கள். அழிக்கப் போனபோதுதான் ஸ்நாப்ஷாட் பட்டியலை நிதானமாக முழுசாக வாசித்தேன். அந்தக் கரண்ட் போன நாளுக்கு அப்புறம் எடுத்தது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: 'அண்ணன் பதறுவதற்கு முன்.' வாரத்துக்கு ஒன்று, தவறாமல். கடைசியாக இருந்தது அவர் கிளம்பிப் போன அன்று காலை எடுத்தது.

எவ்வளவு கொழுப்பு பாருங்கள். அழிக்கவில்லை. ஆதாரத்துக்காக வைத்திருக்கிறேன்.

பெரிய கம்பெனி மெயிலில் இதுவரை ஒரு கோளாறும் வந்ததில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை, "என்னய்யா, மெயில் போக மாட்டேங்குது" என்று அவருக்குப் போன் போடுகிறேன். அவர் வேறு ஒன்றும் கேட்பதில்லை. "தண்ணி கேன் எங்கன இருக்குண்ணே?" என்கிறார்.

"அதே எடத்துலதான்யா இருக்கு" என்கிறேன்.