ஆறு இலக்கத்துக்கு ஒரு ரசீது

"என்கிட்டத் திருட வந்தவன், மூணு மணி நேரம் என் போனுக்கு வேலைக்காரனா உழைச்சுட்டு, கடைசியில 'என்னை விட்டுடுங்க சார்'னு தேம்பித் தேம்பி அழுதுட்டுப் போனான்" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு மேஜையில் நாலு பேர். மூன்று கைகள் அந்தரத்தில் நின்றன. மகள்தான் முதலில் சிரித்தாள். வீட்டம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை நிதானமாக ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "எத்தனை மணி நேரம் மாமா?" என்றார்.

"மூணே முக்கால்."

"முதல்ல மூணுன்னீங்க."

"அழுத நேரத்தைச் சேர்க்காம சொன்னேன்."

ஸ்டோர்ஸ்காரர் என்பது அவர் பெயர் அல்ல. பம்பு செட்டு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் ஸ்டோர்ஸைக் கட்டி ஆண்டவர். ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் பட்டம் ஓய்வு பெறவில்லை. அவர் காலத்தில் சீட்டு, ரிஜிஸ்டர், கையெழுத்து மூன்றும் இல்லாமல் ஒரு ஆணிகூட வாசலைத் தாண்டியதில்லை. ஒருமுறை ஷெட்டில் தீப்பிடித்து, மணல் வாளிக்கு ஓடி வந்தவனிடமும் கையெழுத்துக் கேட்டார். இதைக் கேலி பேசுகிறவர்களுக்கு அவரே பதில் சொல்வார்: "கேட்டது நிஜம். ஆனா அவன் போட்டானே!"

ரிஜிஸ்டரில் புலி. போனில்தான் எலி.

ஸ்மார்ட்போன் வந்த நாளிலிருந்து அவர் தொட்டதெல்லாம் விபரீதம். இணையப் பாதுகாப்பு பற்றி அவரிடம் இல்லாத கருத்தே கிடையாது. பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்ற வேண்டும் என்று ஒரு கட்டுரை வந்தால் அனுப்புவார். மாற்றவே கூடாது என்று மறுநாள் வந்தால் அதையும் அனுப்புவார். "லேப்டாப் இலவசம், அழுத்துங்கள்" என்று ஒன்று வந்தபோது, தான் மட்டும் அனுபவிப்பது நியாயமில்லை என்று நூற்றுப் பன்னிரண்டு உறவினர்களுக்கும் அனுப்பினார். அதில் சம்பந்தியின் போன் மூன்று நாள் எந்த ஊர் பாஷை என்றே தெரியாத ஒரு பாஷையில் பேசிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் வீட்டம்மா ஒரு பட்டன் போன் வாங்கி வந்து, பெட்டியைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை. அப்புறம் இதுதான் உங்களுக்கு."

சாதாரண மிரட்டல் இல்லை அது. அவரோடு வேலை பார்த்த பழைய லேத் ஆபரேட்டர் ஒருவர், பக்கவாதத்தில் பேச்சுப் போய், கண்காணாத ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரும் ஸ்டோர்ஸ்காரரும் மூன்று வருடமாக அந்தப் போனில்தான் தினமும் சதுரங்கம் ஆடுகிறார்கள். அந்த மனிதருக்கு வெளியுலகம் என்று மிச்சமிருப்பது அந்த அறுபத்து நாலு கட்டம்தான். பட்டன் போனில் குதிரை நகராது.

"சரி மாமா, நடந்ததைச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. இணையப் பாதுகாப்பு ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறவர்; பொய்யை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் உடைக்க வேண்டும் என்கிற கட்சி.

நடந்தது இதுதான்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. வீட்டம்மா பல் டாக்டரிடம் போயிருந்தாள். போன் அடித்தது. வெண்ணெய் தடவிய குரல்.

"சார், உங்க இணைப்பு இன்னைக்குப் பன்னிரண்டு மணியோட துண்டிக்கப்படுது. அதைத் தடுக்கணும்னா இப்ப உங்களுக்கு ஆறு இலக்கத்துல ஒரு ஓடிபி வரும். அதை மட்டும் சொன்னாப் போதும்."

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் போனை வைத்துவிடுவான். இதே மோசடியைப் பற்றிய எச்சரிக்கையை அன்று காலை எட்டு மணிக்குத்தான் ஸ்டோர்ஸ்காரர் அறுபத்தோரு பேருக்கு அனுப்பியிருந்தார். ஆனால் அனுப்புவது வேறு, படிப்பது வேறு. அவர் காதில் விழுந்தது ஒரே வார்த்தை: துண்டிப்பு. கண் நேராக ஃபிரிட்ஜ் மேலே போயிற்று.

"உடனே சொல்லிடறேன் தம்பி" என்றார், மனசார.

"வந்துடுச்சா சார்?"

"பார்க்கணும். இருங்க, போனைத் தேடி எடுத்துட்டு வர்றேன்."

தலையணைக்கு அடியில் தேடினார். சட்டைப் பையில் தேடினார். குனிந்து கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தார்.

"சார்... நீங்க பேசிட்டிருக்கீங்களே, அதுதான் சார் போன்."

"அட, நீங்க கெட்டிக்காரர் தம்பி!"

காதிலிருந்து எடுத்து எதையோ அழுத்தி, மறுபடியும் காதில் வைத்தார்.

"சார், வீடியோவை ஆன் பண்ணிட்டீங்க. எனக்கு உங்க காது தெரியுது."

"சுத்தமா இருக்கா?"

ஒருவழியாக ஸ்பீக்கரில் போட்டு, ஓடிபியையும் கண்டுபிடித்தாயிற்று. அப்போதுதான் முப்பத்து நாலு வருடம் விழித்துக்கொண்டது. கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் எழுதாமல் எப்படிக் கொடுப்பது? கோடு போட்ட நோட்டை எடுத்தார்.

"வரிசை எண் ஒன்று. நேரம் பத்து பதினேழு. பொருள், ஆறு இலக்க எண். எண்ணிக்கை, ஒன்று. பெற்றுக்கொள்பவர் பேரு?"

"கஸ்டமர் கேர் சார்."

"அது டிபார்ட்மென்ட். பேரு?"

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பெயரைச் சொன்னது.

"அப்பா பேரு?"

"அது எதுக்கு சார்?"

"உங்க பேர்ல இன்னொருத்தர் இருந்தா? எங்க கம்பெனியில ஒரே பேர்ல மூணு பேர். ஒருத்தன் ஸ்பேனரைத் தொலைச்சான், இன்னொருத்தனுக்கு மெமோ போச்சு."

அப்பா பெயர், பதவி, மேலதிகாரி பெயர் எல்லாம் எழுதி, கோடு கிழித்து, எண்ணை வாசித்தார். அதற்குள் அது காலாவதி ஆகியிருந்தது.

"இன்னொண்ணு அனுப்பறேன் சார். எழுதாம சொல்லுங்க."

"முதல்ல பழசைக் கழிக்கணும்ல? 'பயன்படுத்தாமலே கெட்டுப்போனது.' எழுதிட்டேன். இப்ப அனுப்புங்க. வரிசை எண் இரண்டு..."

ஏழு ஓடிபி வந்தது. ஏழும் ரிஜிஸ்டரில் ஏறியது. ஏழும் கழிவில் போயிற்று. எட்டாவதுக்கு இயந்திரமே கோபித்துக்கொண்டு, 'முயற்சிகள் அதிகம், ஒரு மணி நேரம் கழித்து வரவும்' என்று கதவை அடைத்துவிட்டது.

"நானே அப்புறம் கூப்பிடறேன் சார்" என்று வெண்ணெய்க் குரல் போனை வைத்தது. வெண்ணெய் கொஞ்சம் உருகியிருந்தது.

ஸ்டோர்ஸ்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டு மணிக்குத் துண்டிப்பு. அந்த நேரம் பார்த்து லேத் ஆபரேட்டரின் ராணி இவர் ராஜாவுக்கு எதிரே வந்து நிற்கிறது. நாலு நிமிடம் பொறுத்தார். ஐந்தாவது நிமிடம் இவரே திருடனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, என்னை மறந்துட்டீங்களே! வேற வழி ஏதாவது பாருங்க."

"மாமா, நில்லுங்க" என்றார் மாப்பிள்ளை மேஜையில். "திருடனுக்கு நீங்க போன் பண்ணீங்களா?"

"ரெண்டு தடவை பிஸி. மூணாவதுல எடுத்தான்."

"அத்தை, நீங்க இதை நம்பறீங்களா?"

"நான் இவரோட முப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன்" என்றாள் வீட்டம்மா. "நம்பறது இல்லைங்கிறதாலதான் பண்ண முடிஞ்சது."

வேறு வழி ஒன்று இருந்தது. ஓர் ஆப். அதை இறக்கிவிட்டால் அங்கிருந்தே இவர் போனை இயக்கலாமாம். ஆனால் போனில் இடம் இல்லை. பதினாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு 'காலை வணக்கம்' படங்கள் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தன.

"எல்லாத்தையும் அழிச்சுடுங்க சார்."

"அது முறை இல்லையே. ஒவ்வொண்ணாப் பார்த்துத்தான் கழிக்கணும். இது ரோஜா... இது சூரியன்... இது ரோஜாவுக்குள்ள சூரியன்..."

நாற்பதாவது ரோஜாவில் குரல் கெஞ்ச ஆரம்பித்தது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. படங்கள் போயின. போன் மூச்சு விட்டது. மூச்சு விட்ட கையோடு சார்ஜ் இரண்டு சதவீதம் என்றது. சார்ஜர் கிடைக்கவில்லை. "ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி பாருங்க சார், எங்க வீட்டுல அங்கதான் விழும்" என்றது குரல். அங்கேதான் இருந்தது. சார்ஜ் ஏறியதும் போன், இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட அப்டேட்டைக் கேட்டது. அதற்கு முப்பத்தைந்து நிமிடம். திருடன் காத்திருந்தான். போன் முடங்கிக் கிடந்த அந்த முப்பத்தைந்து நிமிடமும் வீட்டு லேண்ட்லைனில் இவருடைய ஆப்பரேஷன், வீட்டம்மாவின் முழங்கால், மகளின் பிரசவம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு காத்திருந்தான்.

கடைசியில் ஆப் இறங்கியது. 'நிபந்தனைகளை ஏற்கிறீர்களா?' என்று கேட்டது.

"ஏற்கிறேன்னு அழுத்துங்க சார்."

"படிக்காம எப்படிக் கையெழுத்துப் போடறது?"

முப்பத்து நாலு பக்கம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். பதினேழாவது பிரிவில் நிறுத்தினார்.

"தம்பி, 'உங்கள் தகவல்கள் மூன்றாம் தரப்பினரிடம் செல்லக்கூடும்'னு இருக்கே. யாரு அந்த மூணாவது ஆளு?"

"நான்தான் சார்!" என்று கத்தினான் அவன். "நான்தான் அந்த மூணாவது ஆளு! அழுத்துங்க சார்!"

"கோபப்படாதீங்க. இப்ப தெளிவாயிடுச்சு."

அழுத்தினார். போன் தன் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டது. அவருக்குத் தெரியாது. பழைய பாஸ்வேர்டை நினைவுபடுத்த இயந்திரம் கேட்ட கேள்வி, 'உங்கள் நெருங்கிய நண்பர் யார்?' அதற்கும் அவர் தவறாகவே பதில் சொன்னார். அந்தக் கணக்கைத் திறந்த வருடத்தில் யாரோடு சண்டை, யாரோடு சமாதானம் என்பது நினைவில்லை. ஆகவே திருடனே வழிசொல்லி, புதிதாகப் பதினாறு எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு போடவைத்து, மறுபடி தடை வராமல் இருக்க, பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபியும் கேட்கும் இரட்டைப் பூட்டையும் போடவைத்து, எழுத்தையும் பெரிதாக்கிக் கொடுத்து, தன் பக்கத்திலிருந்து உள்ளே நுழையப் பார்த்தான்.

இரட்டைப் பூட்டு அவனை யார் என்று கேட்டது.

"சார்... இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும்."

"வந்திருக்கு தம்பி. வரிசை எண் எட்டு."

அங்கேதான் அவன் அழுதான். சாதாரண அழுகை இல்லை. மூக்கை உறிஞ்சி, மேஜையில் தலையை முட்டிக்கொள்ளும் சத்தத்தோடு அழுதான்.

"என்னை விட்டுடுங்க சார். எனக்கு எதுவும் வேண்டாம். நான் போறேன்."

"போகலாம். ஆனா வெறுங்கையோட போறதா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. பதிவு பண்ணணும்."

சொன்னான். பதிவு பண்ணினார். அப்போது மணி ஒன்றே முக்கால். இணைப்பு துண்டிக்கப்படவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்திவிட்டுப் போய்ச் சாப்பிட்டார்.

கதை முடிந்தது. மேஜையில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தலையை ஆட்டினார்.

"மாமா, கதை பிரமாதம். ஆனா ஒரு இடம் உதைக்குது. நிஜத் திருடனுக்கு நேரம்தான் முதல். பத்து நிமிஷத்துல வேலை ஆகலைன்னா அடுத்த ஆளைப் பார்த்துப் போயிடுவான். மூணே முக்கால் மணி நேரம் எவனும் உட்கார மாட்டான்."

"நோட்டு இருக்கு, பாருங்க!"

"நோட்டுல எழுதினதும் நீங்கதானே?"

"போனைப் பாருங்க! எழுத்து எவ்வளவு பெருசு!"

"எழுத்தைப் பெருசாக்கத் திருடன்தான் வரணுமா மாமா?"

வீட்டம்மா எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேலிருந்த பெட்டியை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். சிரிப்பு நின்றது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவன் கேட்டப்ப நம்பரைக் கொடுக்கத் தயாரா இருந்தீங்களா, இல்லையா?"

ஸ்டோர்ஸ்காரர் நோட்டைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் திறந்தது. ஆனால் எட்டுப் பதிவு எதிரே விரிந்து கிடக்கிறது.

"தயாரா... இருந்தேன்."

"அப்ப இந்தக் கதை நிஜம்னா ஏமாந்தீங்க. பொய்னா எங்களை ஏமாத்தறீங்க. போனைக் கொடுங்க."

"ஏம்மா, அவனால ஒண்ணும் வாங்க முடியலையே! கெட்டிக்காரத்தனத்தால இல்லைதான், ஒத்துக்கறேன். ஆனா முட்டாள்தனத்தாலயாவது பத்திரமா இருந்தேன்ல? அங்க ஒருத்தர் என் அடுத்த நகர்த்தலுக்காகக் காத்துட்டிருக்கார்..." குரல் கொஞ்சம் இறங்கியது.

வீட்டம்மா பெட்டியை ஓரமாக நகர்த்தினாள்.

"சரி. மாப்பிள்ளை வாயால 'நடந்தது'ன்னு ஒரு வார்த்தை வரட்டும். இந்தப் பெட்டியை நானே கடையில திருப்பிக் கொடுத்துடறேன்."

"நான் எப்படி அத்தை சொல்ல முடியும்? இப்படி ஒண்ணு உலகத்துல நடக்..."

மாப்பிள்ளையின் போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தார். திரும்பப் படித்தார். நோட்டைத் தன் பக்கம் இழுத்து, பெற்றுக்கொள்பவர் பெயரில் விரலை வைத்துப் பார்த்தார். அப்பா பெயர், மேலதிகாரி பெயர் என்று விரல் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசிப் பெயரில் நின்றது. அது மாப்பிள்ளையின் சொந்தப் பெயர்.

"நடந்திருக்கு அத்தை... மாமாவை ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கச் சொன்னீங்களே, அதுக்கு எங்க ஆபீஸ்ல நான் ஏற்பாடு பண்ணின ஆளுதான் அது. திருடன் மாதிரி போன் பண்ணிச் சோதிக்கிறதுதான் அவர் வேலை, என்னைக்குக் கூப்பிட்டார்னு என்கிட்டச் சொல்லவே இல்ல. பதினோரு வருஷமா யாரும் அவர்கிட்டத் தப்பினதில்ல, இப்ப வேலையை ராஜினாமா பண்ணியிருக்கார், காரணம்னு கேட்ட இடத்துல மாமாவோட போன் நம்பரை எழுதியிருக்கார்."