சிப்பில் விழுந்த முடி

மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தபோது நூலகரின் முகத்தில் ஈயாடவில்லை.

"முடி!" என்றார்.

"சாப்பாட்டுலயா? என் சமையல்ல முடி விழுந்ததே கிடையாது," என்றாள் மனைவி.

"சிப்புல!"

வீட்டுப் பின்னறையில், சொந்தக் கையால், ஒரு கம்ப்யூட்டர் சிப் செய்துவிட வேண்டும் என்பது நூலகரின் நெடுநாள் ஆசை. விரல்நகம் அளவு சிலிக்கான் தகட்டில் மருந்து பூச வேண்டும். அவர் வரைந்து கொடுத்த சர்க்யூட் படத்தைப் பிரிண்ட் கடைக்காரர், மீசையை முறுக்கிக்கொண்டே, பிலிமில் நகலெடுத்துத் தந்திருந்தார். அந்தப் பிலிம் வழியாக வெளிச்சம் பாய்ச்சினால் தகட்டில் கோடுகள் பதியும். ஒரு தூசி விழுந்தாலே போச்சு. இங்கே விழுந்திருந்ததோ கொக்கிபோல் வளைந்த முழு முடி!

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தச் சிப் ஒரு குட்டி பல்பையாவது எரியவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அறை மனைவியின் தம்பிக்கு. அவன் கட்டிலுக்கு அளவுகூட எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"பூனைதான்," என்று தீர்ப்பளித்தார் நூலகர்.

வீட்டுப் பூனை எதிர்வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. போன வேகத்தில் அவர்கள் சோபாவைக் கிழித்தது. எதிர்வீட்டம்மா பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

தகட்டைக் கழுவி, மருந்து பூசி, மறுபடி பதித்தார். அதே கொக்கி.

"பூனைமுடி இவ்வளவு தடியா இருக்காது," என்றபடி மனைவியின் சுருட்டை முடியை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பார்வை அது?"

"குளிக்கறப்ப போடுற தொப்பிய ஞாயித்துக்கிழமை வரைக்கும் வீட்டுக்குள்ள போட்டுக்கயேன்."

"தாராளமா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் அடுப்பும் பத்தவைக்கமாட்டேன்."

தானே சுட்டுத் தானே கருக்கிய ரொட்டியை மென்றுகொண்டு மூன்றாம் முறை பதித்தார். அதே கொக்கி, வெட்கமே இல்லாமல்.

வேடிக்கை பார்க்க வந்த மச்சினன் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தான். "மாமா, இது தலைமுடி இல்ல. நுனி முறுக்கிவிட்ட மாதிரி மேல போகுது பாருங்க. சத்தியமா மீசை."

நூலகரின் கை தானாக மேலுதட்டுக்குப் போனது. இருபது வருட மீசை! நூலகத்தில் பிள்ளைகள் கூச்சல் போட்டால் அவர் வாயே திறக்கமாட்டார். ஒரு முறுக்கு முறுக்குவார், எல்லாம் கப்சிப்.

"அறை வேணுமா, மீசை வேணுமா மாமா?" என்றான் மச்சினன், நல்ல பிள்ளைபோல்.

அரைமணி நேரம் குளியலறைக் கதவு திறக்கவில்லை. திறந்தபோது மனைவி, "யாருங்க நீங்க?" என்றவள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் நூலகத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.

சனிக்கிழமை, நான்காம் முறை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பதித்தார்.

அதே கொக்கி.

பாட்டிலில் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் மருந்து மிச்சம். வாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், சுருட்டிய மெத்தையோடு மச்சினன். அவனைத் தள்ளிக்கொண்டு, கையில் புதுப் பிலிமுடன், மூச்சிரைக்க வந்து நின்றார் பிரிண்ட் கடைக்காரர். நூலகரை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, லைப்ரரி சார் இல்லீங்களா? அந்தப் பழைய பிலிமத் தூக்கிப் போட்டுட்டு இதப் பதிக்கச் சொல்லுங்க. மிஷின் கண்ணாடியில என் மீசைமுடி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு!"